இருமுறை திரும்பிய மலை

மலையைத் திருப்பப் பூதலிங்கத்துக்கு ஒரு விரலும் மூன்று விநாடியும் போதும். அன்று காலை அதை அவர் இரண்டு முறை திருப்பினார். ஒரு முறையோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அரைச்சுற்றும் அரைச்சுற்றும் சேர்ந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பூதலிங்கம் புள்ளியியலில் முதுகலை.

மலை என்றதும் கல்லும் மரமும் குரங்கும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது எண்களால் ஆன மலை. தெற்கே ஒரு கடலோர மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்தில், பழைய வாகனக் கொட்டகையை இடித்துக் கட்டிய காட்சிக்கூடத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அது எழும்பும். மாவட்டத்தில் யார் யாருக்குச் சிறுநீரகம் பழுது, அவர்களுக்கு என்ன வயது, அவர்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற பட்டியலை ‘குன்றகம்’ என்ற மென்பொருளிடம் பூதலிங்கம் கொடுத்தால் போதும். கூடத்தின் நீளவாட்டில் தூரத்தையும் அகலவாட்டில் வயதையும் விரித்து, எங்கே எத்தனை பேரோ அத்தனை உயரத்துக்கு ஒளியால் மேடு கட்டிவிடும். அதற்குள் நடக்கலாம். ஒரு மேட்டைத் தொட்டால் அதில் அடங்கிய பெயர்கள் பொரி மாதிரி உதிர்ந்து காற்றில் நிற்கும்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? முன்பெல்லாம் அதிகாரிகள் பட்டியலைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். ஆகவே ‘பார்வைச் சட்டம்’ என்று ஒன்று வந்தது. ஆட்சியர் இனிக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, பார்த்தால் போதும். நாற்காலிக்கு மேலே இருக்கும் கருவிகள் அவர் கண் எந்த மேட்டில் எத்தனை விநாடி நின்றது என்று அளக்கும். கண் போன இடத்துக்கு வண்டி போகும். கண் போகாத இடத்துக்கு என்ன போகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. கண் என்று இருந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்று நம்பிவிட்டார்கள். நல்லவர்கள்.

கூடத்தைக் கட்டியவர் மட்டும் கொஞ்சம் யோசித்திருந்தார். ஆட்சியர் நாற்காலியை அவர் தூரத்து ஊர்கள் வரும் பக்கமாகப் போட்டார். தூரத்து ஊரின் சின்ன மேடுகள் காலடியில் நிற்கும், பக்கத்து நகரத்தின் பெரிய மலை அவற்றுக்குப் பின்னால் எழும். ஒன்றை ஒன்று மறைக்காது. பக்கத்தில் இருக்கிறவன் எப்படியும் சத்தம் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வான், தூரத்தில் இருக்கிறவன் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்பது அவர் கணக்கு.

அருமையான கணக்கு. ஆனால் நாற்காலி மேற்கே பார்த்து இருந்தது.

“இதுல கடைசியா உக்காந்த ரெண்டு பேரும் மூணு மாசத்துல மாற்றலாயிப் போனாங்க. தெரியும்லா?” என்றார் கூடுதல் ஆட்சியர் மகிழ்நம்பி. புதிய ஆட்சியர் வருவதற்கு முதல் நாள் அது. “மேடத்த மேற்க பாக்க உக்கார வைக்கக் கூடாது. நாற்காலியத் தூக்கி எதிர்ச்சுவத்துல போட்டுரும்.”

“மேடம் கேட்டாங்களா சார்?”

“கேக்கதுக்கு முன்னால செய்யதுதான்வே நிர்வாகம்.”

“நாற்காலி அந்தப் பக்கம் போனா மலை பின்பக்கமாத் தெரியுமே சார். டவுன் முன்னால வந்துரும்.”

“அப்ப மலையத் திருப்பும். சாமி குடியிருக்க மலையா அது? திருப்புனா குத்தமாயிருமோ?”

அவர் சொன்னதில் தப்பில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து, இரண்டு பேரை வைத்து நாற்காலியை மாற்றிப் போட்டு, மலையை அரைச்சுற்றுத் திருப்பினார் பூதலிங்கம். எல்லாம் சரி. பிறகு முந்திரி பக்கோடா வாங்கிவரப் போனார். அதை வாங்கிவரும்படி யாரும் சொல்லவில்லை. புதிய ஆட்சியர் தன்னை நினைவில் வைத்துக்கொள்ள மலையைவிடப் பக்கோடா உதவும் என்று அவராகவே முடிவுசெய்தார். கடையில் ஒரு டீயும் குடித்தார்.

திரும்பி வரும்போதுதான் அந்தச் சந்தேகம். மலையைத் திருப்பினோமா, திருப்ப வேண்டும் என்று நினைத்தோமா? வீட்டைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போனவனுக்கு வருமே, அதே சந்தேகம். மற்றவர்கள் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். பூதலிங்கம் இழுத்துப் பார்க்கவில்லை, நேராகச் சாவியைப் போட்டு இன்னொரு தடவை சுழற்றினார். பூட்டியிருந்த கதவு திறந்துகொண்டது.

அதோடும் விட்டாரா? படம் எடுக்க வந்தவர், “என்ன சார் மலை இது, தோசை மாதிரி சப்பையா இருக்கு?” என்றார். உயரத்தை எட்டு மடங்கு கூட்டிக் கொடுத்தார் பூதலிங்கம். நகரத்து மலை கூரையை முட்டிக்கொண்டு கம்பீரமாக எழுந்தது. ஆட்சியர் தாரகேஸ்வரி வந்தார், கிழக்கே பார்த்து உட்கார்ந்தார், பத்தொன்பது நிமிடம் பார்த்தார். ‘பார்த்தாச்சு’ விளக்கு பச்சையாக எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அதிகம் தட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

*

இருபத்து நான்கு நாள் கழித்து மிக்கேல் வந்தான். ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வண்டிகளில் ஒன்றை ஓட்டுகிறவன். கடலோரத்தில் அதற்கு ‘ரத்தம் கழுவுற வண்டி’ என்று பேர். நோயாளி வீட்டு வாசலுக்கே போய், நாலு மணி நேரம் நின்று, கழுவிக் கொடுத்துவிட்டு வரும். கேண்டீனில் பூதலிங்கத்தின் எதிரே வந்து உட்கார்ந்தவன் டீ வேண்டாம் என்றான். அவன் டீ வேண்டாம் என்று சொல்லிப் பூதலிங்கம் கேட்டதேயில்லை.

“அண்ணாச்சி, கோரைமுனைய என் ரூட்லருந்து ஏன் எடுத்தீங்க?”

“நான் எங்க எடுத்தேன்? அது தானா வாரதுடே. மேடம் பாத்தத வச்சு மிசின் போடும்.”

“அப்ப மேடம் கோரைமுனையப் பாக்கலயா?”

“பாத்திருப்பாங்க. பாக்காம எப்படி?”

“பாத்தா வண்டி வருமுன்னு நீங்கதான சொல்லுவீங்க? இப்ப டவுனுக்கு ஒம்பது வண்டி, கோரைமுனைக்கு ஒண்ணும் கிடையாது. பதினோரு பேரு அண்ணாச்சி. பூராவும் உப்பளத்துல வேல பாத்து கிட்னி போனவங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு நான் போவேன். இப்பம் பஸ்ஸப் புடிச்சு மூணு மணி நேரம் வந்து, ஆஸ்பத்திரியில முறை கெடைக்காமத் திரும்பிப் போறாங்க. அதுல தொம்மை அண்ணன் போன வியாழக்கெழம போயிட்டாரு.”

“எங்க போயிட்டாரு?” என்று கேட்டுவிட்டார் பூதலிங்கம். கேட்ட பிறகுதான் புரிந்தது. முதுகலை.

அவனைக் கூட்டிக்கொண்டு காட்சிக்கூடத்துக்குப் போனார். அன்றைய மலையை அப்படியே திரும்ப எழுப்பினார். நாற்காலியில் மிக்கேலை உட்கார வைத்தார். முன்னால் நகரத்து மலை நின்றது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

“கோரைமுனை எங்க அண்ணாச்சி?”

“உனக்கு முன்னால, காலுகிட்ட இருக்கணும்.”

“காலுகிட்ட டவுனுதான் இருக்கு.”

மிக்கேல் எழுந்தான். இருவரும் நகரத்து மலைக்குள் புகுந்து நடந்தார்கள். ஒளிதானே, தடுக்காது. அறுபது, எழுபது வயதுக்காரர்களின் பெயர்கள் மேலே உரசி உதிர்ந்துகொண்டே வந்தன. மறுபக்கம் வெளியே வந்தபோது மலைக்குப் பின்னால், கூடத்தின் கோடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன மேடு. மிக்கேல் குனிந்து தொட்டான். பதினோரு பெயர் எழும்பி நின்றது. நாலாவது பெயர் தொம்மை, வயது நாற்பத்தெட்டு.

“இவ்வளவு பெரிய மலைக்குப் பின்னால இருந்தா யாருக்குத் தெரியும்?” என்றான் மிக்கேல். “சரி, இத யாரு இப்படித் திருப்பி வச்சது?”

பூதலிங்கத்துக்கு ஞாபகம் வரவில்லை. உண்மையிலேயே வரவில்லை. நாம் சரியாகத்தானே திருப்பினோம் என்று, குன்றகம் எழுதிவைத்திருந்த குறிப்பைத் திறந்தார். அதற்கு மறதி கிடையாது.

‘9.12 – அரைச்சுற்று. 9.51 – அரைச்சுற்று. 9.56 – உயரம் எட்டு மடங்கு. இயக்கியவர்: பூதலிங்கம்.’

அதற்கும் கீழே பார்வைக் கணக்கு. நகரத்து மலை, அறுநூற்றுப் பன்னிரண்டு விநாடி. ஆட்சியரின் கைபேசி, தொண்ணூற்றாறு விநாடி. பக்கோடாத் தட்டு, நாற்பத்தொன்று. கோரைமுனை, பூஜ்யம்.

ஒரு ஊருக்கும் பக்கோடாவுக்கும் போட்டி வைத்து, ஊரைத் தோற்கடித்த பெருமை மாவட்டத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு என்று நினைத்தார். சிரிப்பு வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் தன்னைத்தானே ஒரு குத்துக் குத்திச் சிரித்துக்கொள்வது அவர் வழக்கம். அன்று குத்தினார், ஆனால் சிரிப்பைக் காணோம்.

“மிக்கேலு, தொம்மை செத்தது என்னாலயாடே?”

மிக்கேல் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான். “நீங்க வேணும்னேவா செஞ்சீங்க அண்ணாச்சி? விடுங்க. மொத வண்டிக்கு வழியப் பாருங்க.”

*

வழி பார்க்கும் வேலையோடு அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. நேராக ஒரு பதில் கிடைத்தால் போதும், ஆமென்றாலும் இல்லையென்றாலும் சரி என்று நினைத்தார். அரசாங்கத்தில் இருபத்து மூன்று வருடம் இருந்தவர் இப்படி நினைத்திருக்கக் கூடாது.

மகிழ்நம்பியிடம் கேட்டார். “இதுல உம்ம தப்பு, என் தப்புன்னு ஒண்ணும் கெடையாதுவே. சிஸ்டம். அடுத்த பார்வை ரெண்டு மாசத்துல வருது, தானா சரியாப்போவும்.”

“பத்து பேரு இருக்காங்க சார். ரெண்டு மாசம் தாங்காது.”

“அதுக்கு என்ன செய்யச் சொல்லுதீரு?”

“பார்வை விதி இருபத்து மூணு இருக்கே சார். இயக்குறவன் எழுத்துல தப்ப ஒத்துக்கிட்டா ஏழு நாளுக்குள்ள மறுபார்வை.”

மகிழ்நம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒம்பது வருசத்துல அந்த விதிய ஒருத்தனாவது தொட்டிருக்கானா? எழுதிக் குடுத்தா உமக்குப் பதினேழு பி மெமோ. இடைநீக்கம். அது உம்ம பாடு. ஆனா நீரு என்னன்னு எழுதுவீரு? நாற்காலிய மாத்துனோம், அதனால மலையத் திருப்புனேன்னு எழுதணும். நாற்காலிய எதுக்கு மாத்துனீங்கன்னு கேப்பான். கெழக்க பாக்கன்னு எழுதணும். மேடம் பேரு பேப்பர்ல வரும். என் பேரும் வரும். இந்த லெட்டர நான் வாங்க முடியாது பூதலிங்கம்.”

“அப்ப தப்பு என்னுதுதான, சார்?”

“நான் அப்படிச் சொல்லவே இல்லயே.”

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்காணிப்பாளர் அன்பானவர், உட்காரச் சொன்னார். கோப்பைப் புரட்டினார். “மூணு வாரம் டயாலிசிஸ் இல்லாட்டி ஆபத்துதான். ஆனா அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கு, இதயமும் பலவீனம். காரணம்னு ஒண்ணத் தனியாப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க. எல்லாம் சேர்ந்ததுதான்.”

“அந்த எல்லாத்துலயும் நானும் உண்டா டாக்டர்?”

“நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. தூக்கம் வருதா?” என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் கேட்டார். மனைவி சௌந்தரவல்லி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். “நீங்க மனசறிஞ்சு ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டீக.”

“மனசறியாம?”

“சாப்பிடுங்க, ஆறிப்போவுது.”

இதில் இன்னொன்றும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ‘உன் தப்பு இல்லை’ என்ற மாதிரி ஏதாவது சொல்லும்போது உள்ளே ஒரு பூனை மடியில் ஏறிச் சுருண்டுகொள்கிற மாதிரி இதமாக இருந்தது. அதற்காகவேதான் ஊரெல்லாம் சுற்றிக் கேட்கிறோமோ என்ற சந்தேகம் அன்று கைகழுவும்போது வந்தது. மலையைத் திருப்பியதைவிட அந்தச் சந்தேகம் அவருக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை கடிதத்தை எழுதினார். நாலு வரி. நாற்காலியைப் பற்றி எழுதினார், திசையைப் பற்றி எழுதினார், டீயைப் பற்றியும் எழுதினார். பக்கோடாவை எழுதி அடித்துவிட்டு மறுபடி எழுதினார். வாங்க மாட்டேன் என்று சொன்ன மகிழ்நம்பியிடம் போகவில்லை. தரைத்தளத்துத் தபால் பிரிவுக்குப் போனார். அங்கே இருக்கும் கோமதிநாயகி யார் கொடுத்ததையும் படிக்க மாட்டாள், முத்திரை குத்தி எண் போடுவாள், அவ்வளவுதான். ஒரு தடவை எண் விழுந்த காகிதத்தை இந்த நாட்டில் யாராலும் விழாததாக ஆக்க முடியாது. எண்களால் மலை கட்டுகிற கருவிகள் வந்த பிறகும் அந்த ரப்பர் முத்திரை மட்டும் மாறவில்லை.

“என்ன சார், லீவு லெட்டரா?” என்றாள்.

“ஏறக்குறைய,” என்றார்.

டப்பென்று விழுந்தது முத்திரை.

*

மறுபார்வை வியாழக்கிழமை நடந்தது. நாற்காலி கிழக்கே பார்த்தபடிதான் இருந்தது. பூதலிங்கம் மலையை ஒரு தடவை திருப்பினார். திருப்பிய கையோடு சட்டைப் பையில் ‘திருப்பியாச்சு’ என்று ஒரு சீட்டு எழுதிப் போட்டுக்கொண்டார். உயரத்தைக் கூட்டவில்லை. தோசை தோசையாகவே இருந்தது.

தாரகேஸ்வரி உட்கார்ந்ததும் காலடியில் இருந்த மேட்டைக் குனிந்து பார்த்தார். “இது என்ன?”

“கோரைமுனை மேடம். உப்பளத்து ஜனம். போன தடவை பதினோரு பேர். இப்போ பத்து.”

ஆட்சியர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். ரொம்ப நேரம் அந்த மேட்டையே பார்த்தார். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தார். “உங்க கடிதத்தைப் படிச்சேன். நாற்காலியைப் பத்தி எனக்கு யாரும் சொல்லல. எந்தத் திசையில உக்காந்தாலும் எனக்கு ஒண்ணுதான்.”

மகிழ்நம்பி கூரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், அந்தச் சாவு என் தப்பாலதானே?” என்று கேட்டார் பூதலிங்கம். கேட்கக் கூடாத இடம்தான்.

“அது விசாரணையில முடிவாகும், மிஸ்டர் பூதலிங்கம்,” என்றார் அவர். குரல் மென்மையாகத்தான் இருந்தது. மாலையில் இடைநீக்க உத்தரவும் மென்மையாகத்தான் வந்தது. கூடவே வண்டிகளின் புதிய வழித்தடமும் வந்தது. கோரைமுனை, செவ்வாயும் வெள்ளியும்.

*

வெள்ளிக்கிழமை மிக்கேல் வண்டியிலேயே போனார். ஊழியரல்லாதவரை ஏற்றக் கூடாது என்று வண்டியில் எழுதியிருந்தது. “நீங்க இப்ப ஊழியர் இல்லயே அண்ணாச்சி,” என்றான் மிக்கேல். “சரி ஏறுங்க, நோயாளின்னு எழுதிக்கிடுதேன். மொகமும் அப்படித்தான் இருக்கு.”

கோரைமுனையில் வண்டி நின்றதும் ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏன் நின்றது, ஏன் வந்தது என்று கேட்கிற தெம்பு அவர்களிடம் இல்லை. கால்கள் வீங்கியிருந்தன. ஒருவர் முகம் மண்ணெண்ணெய் விளக்குக் கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது. மேட்டைத் தொட்டதும் உதிர்ந்த பெயர்களை, இப்போது முகத்தோடு சேர்த்துப் பார்த்தார் பூதலிங்கம். ஒன்பது பேரை எண்ணிவிட்டுப் பயந்தார். பத்தாவது ஆளை மகன் தோளில் தாங்கிக் கொண்டுவந்தான்.

“தொம்மையோட வீட்டுக்காரம்மா எங்க இருப்பாங்க?”

“இன்னாசியம்மாக்கா அளத்துல நிக்காங்க,” என்றான் மிக்கேல். “வானம் மூடிக்கிட்டு வருதுலா. உப்ப மூடணும். நான் கூட வரணுமா?”

“வேண்டாம்டே.”

பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்தார். அலுவலகச் செருப்பு இரண்டு தடவை சேற்றில் மாட்டியது. ஆள் உயரத்துக்கு உப்பு அம்பாரங்கள் வரிசையாக நின்றன, ஒரு மனித நடமாட்டமும் இல்லை. “அம்மா!” என்று கூப்பிட்டார். “இந்தப் பக்கம்!” என்று குரல் மட்டும் வந்தது. சுற்றிக்கொண்டு போனார். அம்பாரத்தின் பின்னால் ஒரு பெண் கறுப்புத் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டி, ஆண்கள் சட்டை ஒன்றைச் சேலைமேல் போட்டிருந்தாள். அது யாருடைய சட்டை என்று அவர் கேட்கவில்லை.

“ஆபீஸ்லருந்தா?” என்றாள் அவரைப் பார்க்காமல். “ஏற்கெனவே ரெண்டு பேரு வந்து எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க சார். இனி சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

“நான் எழுத வரல. சொல்ல வந்தேன்.”

“வந்த ரெண்டு பேருகிட்டயும் நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். வண்டி ஏன் நின்னுச்சு? ஒருத்தர் சிஸ்டம்னாரு. இன்னொருத்தர் பரிசீலனைல இருக்குன்னாரு. பதினஞ்சு மாசமா வந்த வண்டி சார். ஒவ்வொரு செவ்வாக்கெழமயும் அவரு அளத்து வேல முடிஞ்சு வந்து வாசல்ல கயித்துக் கட்டில்ல உக்காந்து வழி பாப்பாரு. கடைசி மூணு வாரமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. நாங்க என்ன தப்பு செஞ்சோம்னு வண்டி நின்னுச்சு? அவரு அதையேதான் கேட்டாரு. ‘நான் போனவாட்டி அந்த நர்ஸுப் புள்ளயக் கோவிச்சுப் பேசிட்டேன், அதான் வரல’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

பூதலிங்கம் வாயைத் திறந்தார். ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. இருபத்து மூன்று வருடப் பழக்கம். அதை விழுங்கினார்.

“நர்ஸு இல்லம்மா. நான்தான்.”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். எண்களை மலையாக்கிப் பார்க்கிற கூடத்தைச் சொன்னார். பார்த்த இடத்துக்கு வண்டி என்பதைச் சொன்னார். நாற்காலியைக் கிழக்கே பார்த்துப் போட்டதை, மலையைத் திருப்பியதை, பக்கோடா வாங்கப் போனதை, டீ குடித்ததை, சந்தேகம் வந்ததை, மறுபடி திருப்பியதைச் சொன்னார். படம் நன்றாக விழட்டும் என்று உயரம் கூட்டியதைச் சொன்னார். கோரைமுனை அந்த மலைக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு நின்றதைச் சொன்னார். சொல்லச் சொல்ல எல்லாம் ஒரு நகைச்சுவைத் துணுக்கு மாதிரியே இருந்தது. எந்த இடத்திலும் அவர் தன்னைக் கிண்டல் செய்துகொள்ளவில்லை. கிண்டல் செய்தால் அவள் சிரித்துவிடுவாளோ, சிரித்துவிட்டால் அதோடு போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

இன்னாசியம்மாள் தார்ப்பாயை விட்டுவிட்டு நின்று கேட்டாள். “டீ குடிக்கப் போனீங்களாக்கும்,” என்றாள் கடைசியில்.

“ஆமாம்மா.”

“திருப்பினோமான்னு ஒரு வாட்டி பாத்திருக்கலாம்லா?”

“பாத்திருக்கலாம்.”

“வண்டி இனி வருமா? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க.”

“வரும். செவ்வாயும் வெள்ளியும். அடுத்த பார்வை வரைக்கும் அத யாரும் மாத்த முடியாது. அதுக்கப்புறம் அந்தக் கூடத்துல யாரு இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் இருக்க மாட்டேன்.”

தூரத்தில் இடி உருண்டது. முதல் தூறல் உப்பின் மேல் விழுந்து சின்னச் சின்னக் குழியாகப் பதிந்தது.

“அந்த ஓரத்தப் புடிங்க,” என்றாள்.

பிடித்தார். இருவரும் அம்பாரத்தின் இரு பக்கமும் நின்று தார்ப்பாயை இழுத்தார்கள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. பூதலிங்கம் தன் பக்கத்தை வயிற்றால் அமுக்கிக்கொண்டார். அதற்கு மட்டுமாவது தொந்தி பயன்பட்டது. அவள் சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கயிற்றையும் கல்லில் இழுத்துக் கட்டினாள். அவர் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு வேறு முடிச்சுப் போட்டாள்.

“அம்மா,” என்றார் பூதலிங்கம். “ஒண்ணு கேக்கணும். எல்லாருகிட்டயும் கேட்டுட்டேன். சிஸ்டம்னாங்க, சர்க்கரைன்னாங்க, விசாரணைன்னாங்க. எனக்கு ஆறுதல் வேண்டாம். உங்க வீட்டுக்காரர் செத்தது என்னாலதானா?”

இன்னாசியம்மாள் கயிற்றை ஒரு தடவை சுண்டிப் பார்த்தாள். தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்து மழையைத் துடைத்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள். “உங்களாலதான்.”